மணியை ஏன் பிடுங்கினீர்கள்?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். மகிழ் முற்றம் என்ற அரசுத் திட்டத்தின்படி பிரித்த மாணவர் குழுக்களை ஒழுங்காக நடத்துகிறேன். நன்றாகப் படிப்பவர்கள்தான் தலைவர்கள். ஒருவர் வராவிட்டாலும் குழுவுக்குப் புள்ளி குறைப்பேன். அப்படியும் இந்த ஆண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் பள்ளி மணி அடிக்கும் பையன். ஆவணியில் சில நாள் தாமதமாக வந்ததால் மணியை வேறொருவனுக்கு மாற்றினேன். நின்றுபோன அந்தப் பையனின் அம்மா பூப்பறிக்கப் போகிறவர். மாணவர்களுக்கு ஆர்வம் வர இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். மணியை மாற்றியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

ஆவணி முகூர்த்த மாதம். மல்லிகை விலை ஏறும். வெயில் ஏறுமுன் மொட்டாகப் பறித்து, எடை போட்டுக் கொடுத்தால்தான் காசு. அந்த நாட்களில் பையன் எங்கே இருந்திருப்பான் என்று யோசித்தீர்களா? அவனிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பெற்றவளோடு செடிக்குள் குனிந்து நின்றுவிட்டு ஓடி வந்தவனை நீங்கள் பொறுப்பில்லாதவன் ஆக்கிவிட்டீர்கள். உங்கள் முதல் மார்க் தலைவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுப்பு உண்டு?

கணக்கில் தேறாத பையனாகவே இருக்கட்டும். அவன் அந்தத் தண்டவாளத் துண்டைத் தட்டினால் தலைமையாசிரியர் வரை எழுந்து நகர்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கென்று இருந்தது அதுதான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிடியும் 14 வயதோடு சரி. ஒன்பதாவதில் பிள்ளையை இழுத்துப் பிடிப்பது இப்படி ஏதாவது ஒன்றுதான்.

குறிஞ்சி, முல்லை என்று ஐந்து திணைப் பெயர் வைத்து 2024இல் குழு பிரித்தது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தாங்கட்டும் என்று. நீங்கள் அதை அபராதச் சீட்டாக்கிவிட்டீர்கள். ஒரு நாள் வராதவன் மறுநாள் கூட்டாளிகளின் முறைப்பைத் தாண்டித்தான் பெஞ்சில் உட்கார வேண்டும். அதற்கு வராமலே இருக்கலாமே! வராதவன் வீட்டுக்கு நோட்டோடு போய் அவனைக் கூட்டி வருகிற குழுவுக்குப் புள்ளி கொடுங்கள். தலைவர் பதவியை மாதம் ஒருவருக்கு மாற்றுங்கள், கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள். நின்றுபோன மற்ற இருவரிடம் என்ன பொறுப்பு இருந்தது என்பதையும் விசாரியுங்கள். ஒன்றுமே இருந்திருக்காது என்பது என் சந்தேகம்.

நாளை சாயங்காலம் அவன் வீட்டுக்கு நீங்களே போங்கள். வேறு பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அந்த அம்மாவிடமும் கறாராகப் பேசுங்கள்: காலையில் பறிக்கட்டும், பெற்றவளுக்குக் கை கொடுப்பது பிள்ளையின் கடமை, ஆனால் பூ எடைக்குப் போனதும் அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கூலியைக் காட்டி நிறுத்த அம்மாவுக்கும் உரிமை கிடையாது.

அவனுக்குக் காலை மணி வேண்டாம். வீட்டுக்கு விடுகிற மணியைக் கொடுங்கள். அதை அடிக்க அவன் சாயங்காலம் வரை இருந்தாக வேண்டும். காலை மணி இப்போது அடிக்கிறவனிடமே இருக்கட்டும். அவனிடமிருந்தும் பிடுங்கிவிடாதீர்கள்.