மணியும் கணக்கேடும்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பியக் கடன் நெருக்கடி பற்றி எழுதியபோது, வோல்ஃப்காங் ஷொய்ப்லெ எட்டு ஆண்டு ஜெர்மன் நிதியமைச்சராக இருந்துவிட்டு 2017இல் சபாநாயகர் ஆனார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கிரீஸையே ஆட்டிவைத்தவரை மணியடித்து ‘அமைதி, அமைதி’ என்று சொல்லும் நாற்காலியில் உட்காரவைத்தது ஓரங்கட்டல்தானே? கட்சிக்காரராகவே இருந்துகொண்டு அங்கே என்ன நடுநிலை காட்டியிருக்க முடியும்?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

பாதி சரி. 2017 தேர்தல் முடிந்ததும் அன்றைய சான்சலர், அதாவது ஆட்சித் தலைவர், மெர்க்கெல் புதிய கூட்டணி பேச வேண்டியிருந்தது. பேரத்தில் எல்லோரும் கேட்கும் முதல் துறை நிதி, அதைக் காலியாக வைத்தால்தான் பேச்சே நகரும். கடைசியில் அது சமூக ஜனநாயகக் கட்சியின் ஓலாஃப் ஷோல்ட்ஸுக்குப் போனது. ஷொய்ப்லெ விடைபெற்ற அன்று அமைச்சக ஊழியர்கள் கறுப்பு உடுத்தி முற்றத்தில் பெரிய பூஜ்யமாக நின்றார்கள். 2014இல் புதுக்கடன் வாங்காமல் பட்ஜெட்டை முடித்தாரே, 1969க்குப் பிறகு முதல்முறையாக, அந்தக் ‘கறுப்புப் பூஜ்யம்’தான் அது.

ஆனால் போன இடம் சின்ன இடமல்ல. ஜெர்மன் அரசு மரபு வரிசையில் கூட்டாட்சித் தலைவருக்கு அடுத்தவர் சபாநாயகர். சான்சலர் அவருக்கும் பின்னால். அந்தத் தேர்தலில்தான் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. 90க்கு மேற்பட்ட உறுப்பினர்களோடு முதல்முறையாகச் சபைக்குள் வந்தது. 1972 முதல் அங்கேயே உட்கார்ந்திருந்த ஒருவர் நாற்காலியில் இருப்பது நல்லது என்று மற்றக் கட்சிகளும் நினைத்தன. ரகசிய வாக்கெடுப்பில் 501 பேர் அவரை ஆதரித்தார்கள்.

முதலில் மணியைப் பார்ப்போம். சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் முறைவைத்துத்தான் நாற்காலியில் அமர்கிறார்கள், இருபுறமும் இரண்டு செயலர்கள். உறுப்பினர் வரம்பு மீறினால் ‘ஒழுங்கு அழைப்பு’. அன்றைய விதிப்படி ஒரே உரையில் மூன்று முறை வாங்கினால் பேச்சுரிமை பறிபோகும். அதற்கும் அடங்காத பெரிய மீறலுக்கு அன்று 1,000 யூரோ அபராதம், திரும்பவும் செய்தால் 2,000. உச்சமாக 30 அமர்வு நாட்கள் வரை வெளியேற்றம். இதில் சூட்சுமம், அந்த அழைப்பைப் பற்றி அடுத்துப் பேசுகிறவர் வாயே திறக்கக் கூடாது என்பதுதான். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், விவாதம் இல்லாமல் சபை முடிவெடுக்கும். இந்தக் கதவைத் திறந்துவைத்தால் ஒரு வசவு இரண்டு மணி நேரச் சண்டையாகிவிடும்.

வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் அதிகம் என்று மேடையில் இருக்கும் மூவரும் ஒத்துப்போகவில்லை என்றால் ‘கிடா தாண்டல்’ என்றொரு வழக்கம் உண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் மண்டபத்தை விட்டு வெளியேறி, ஆம், இல்லை, நடுநிலை என்று குறித்த மூன்று கதவுகள் வழியாகத் திரும்ப வருவார்கள். வாசலில் நிற்கும் செயலர்கள் ஒவ்வொரு தலையாக உரக்க எண்ணுவார்கள். பட்டிக்குத் திரும்பும் ஆட்டை எண்ணுவதுபோலத்தான் இருக்கும்.

அதிகாரம் இருப்பது மண்டபத்துக்கு வெளியே. அரசியல் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி கட்டடத்துக்குள் காவல் அதிகாரம் சபாநாயகருடையது. அவர் அனுமதியின்றி அங்கே யாரும் சோதனை போட முடியாது. இன்னொன்று கட்சிகளின் கணக்கேடு, அதைச் சரிபார்த்து அபராதம் போடுபவரும் அவரே. ஷொய்ப்லெ கதையின் சாறே இதில்தான் இருக்கிறது.

1994இல் ஆயுதத் தரகர் கார்ல்ஹைன்ஸ் ஷ்ரைபர், ஷொய்ப்லெயும் மெர்க்கெலும் சார்ந்த சி.டி.யு. கட்சிக்காக 1,00,000 மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) ரொக்கம் கொடுத்தார். நன்கொடையாளர் பெயரைக் காட்டாமல், கட்சிக் கணக்கில் அது ‘பிற வருமானம்’ ஆனது. 1999 டிசம்பர் 2 அன்று சபையில் பேசிய ஷொய்ப்லெ, ஷ்ரைபரைச் சந்தித்ததை ஒப்புக்கொண்டார், பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த மாதம் அதை வாங்கியதையும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2000 பிப்ரவரி 15 அன்று அப்போதைய சபாநாயகர் வோல்ஃப்காங் தியர்ஸெ, ஹெஸ்ஸென் மாநிலக் கிளை வெளிநாட்டில் ஒளித்துவைத்த பணத்துக்காக, சி.டி.யு.வுக்கான அரசு நிதியில் சுமார் 41 மில்லியன் மார்க்கை வெட்டினார். கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டதற்கல்ல இந்தத் தண்டனை. கணக்கு நாள் தவறாமல் வந்தது. ஆனால் உள்ளடக்கம் பொய்யானால் அது தாக்கலே ஆகவில்லை என்றுதான் பொருள் என்றார் தியர்ஸெ. நீதிமன்றங்களும் கடைசியில் அதையே உறுதிசெய்தன. மறுநாளே ஷொய்ப்லெ கட்சித் தலைமையை விட்டு விலகுவதாக அறிவித்தார். மெர்க்கெலுக்கு வழி திறந்தது அப்படித்தான்.

இந்த ஊழலுக்குப் பிறகு 2002இல் சட்டம் திருத்தப்பட்டது. கணக்கில் தவறாகக் காட்டிய தொகைக்கு இரண்டு மடங்கு, சட்டவிரோத நன்கொடைக்கு மூன்று மடங்கு. வெளியே தெரியும் முன் தானாகச் சொல்லிவிட்டால் அபராதம் இல்லை.

பதினேழு ஆண்டு கழித்து அந்த மூன்று மடங்குச் சட்டம் சபாநாயகர் ஷொய்ப்லெயின் மேசைக்கே வந்தது. 2019 ஏப்ரலில் ஏ.எஃப்.டி.க்கு 4,02,900 யூரோ அபராதம். இரண்டு வேட்பாளர்களுக்காக ஒரு சுவிஸ் விளம்பர நிறுவனம் சுவரொட்டி, விளம்பரம் என்று செய்துகொடுத்த வேலை 89,800, 44,500 என மதிப்பிடப்பட்டு மூன்றால் பெருக்கப்பட்டது. கையில் பணம் வாங்கவில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. உன் சுவரொட்டிக்கு இன்னொருவன் பணம் கொடுத்தால் அதுவும் நன்கொடைதான். 2020இல் இன்னொரு விவகாரம். சுவிட்சர்லாந்திலிருந்து சிறு சிறு தவணையாக வந்த சுமார் 1,32,000 யூரோவுக்கு ஏறத்தாழ 3,96,000 அபராதம். பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் மாதக்கணக்கில் வைத்திருந்த பிறகு. உடனே திருப்பியிருந்தால் தப்பித்திருப்பார்கள்.

நடுநிலை பற்றிக் கேட்டீர்கள். ஜெர்மன் சபாநாயகர் கட்சியை விடுவதில்லை, வாக்கும் போடுகிறார். விவாதத்தில் பேச விரும்பினால் மட்டும் நாற்காலியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். 2021 ஏப்ரலில் சான்சலர் வேட்பாளர் போட்டியில் பவேரியச் சகோதரக் கட்சியான சி.எஸ்.யு.வின் ஸோடருக்கு எதிராகத் தன் கட்சித் தலைவர் லாஷெட்டை நிறுத்தியதில் ஷொய்ப்லெயின் கை பெரிது. சபாநாயகராக இருந்துகொண்டே செய்தார். என் பார்வையில் அது அந்த நாற்காலிக்கு அழகல்ல. விதிப்படி தவறும் அல்ல.

அவருடைய உண்மையான தோல்வி வேறு. அன்றைய சட்டப்படி சபையின் அளவு 598. கட்சிக்குப் போடும் இரண்டாம் வாக்குப்படி கிடைக்க வேண்டியதைவிட ஒரு கட்சி அதிகத் தொகுதிகளை நேரடியாக வென்றால் அவற்றை வைத்துக்கொள்ள முடிந்தது. விகிதம் கெடாமலிருக்க மற்றக் கட்சிகளுக்கும் இடம் கூட்டித் தர வேண்டியிருந்தது. 2017இல் உபரி 46, ஈடு 65, ஆக 709. இதைக் குறைக்க அவர் அமைத்த அனைத்துக் கட்சிக் குழு 2019இல் கைவிரித்தது. தொகுதிகளை 299இலிருந்து 270 ஆக்கலாம், 15 உபரி இடங்களுக்கு ஈடு வேண்டாம் என்று அவரே ஒரு திட்டம் வைத்தார். முட்டுக்கட்டை போட்டதில் சொந்த முகாமின் சி.எஸ்.யு.வும் உண்டு, பவேரியாவின் 46 தொகுதிகளையும் வென்றிருந்த கட்சி தொகுதிக் குறைப்பை எப்படி ஏற்கும்? 2020இல் அரைகுறையாக ஒரு திருத்தம் வந்தது. 2021இல் சபை 736 ஆக வீங்கியது.

2023 மார்ச்சில் வேறொரு கூட்டணி 630 என்று வரம்பு கட்டியது. அதற்கு எதிராக நின்றது சி.டி.யு. ஷொய்ப்லெ அப்போது ஒஃபன்பர்க் தொகுதியின் சாதாரண உறுப்பினர். அந்த ஆண்டு டிசம்பர் 26இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார்.