கோப்பை நிறைய நுரை, பீர் சப்பென்று: காரணம் சூடுதான்

வணக்கம் நண்பரே. 19 லிட்டர் கெக்கை, அதாவது பீர் அடைத்த உலோகப் பீப்பாயை, ஃபிரிட்ஜில் வைக்காமல், 30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தத்தில் மூன்று நாள் கரியமில வாயு ஏற்றியிருக்கிறீர்கள். ஊற்றினால் கோப்பை நிறைய நுரை, குடித்தால் சப்பென்று இருக்கிறது என்கிறீர்கள். கரியமில வாயு குளிர்ந்த பீரில்தான் நன்றாகக் கரையும். சூடான பீரில் கரைந்த கொஞ்சமும் குழாயைத் திறந்தவுடன் நுரையாக ஓடிவிடும்.

தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள், பீர் கெடவில்லை. வாயு சிலிண்டரை மூடி, கெக்கில் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐக்கு இறக்கி மறுபடி இணைத்து, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். பீரின் கொள்ளளவைப்போல் சுமார் 2.5 மடங்கு வாயு கரைந்திருக்கும். அவசரத்துக்குக் கெக்கை உருட்டி ஆட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வாயு அளவு மீறினால் அதைக் குறைப்பது பெரும்பாடு.

அப்புறம், கெக்கின் மூடியைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். கடுகளவு குமிழி விடாமல் வந்தாலும் கசிவுதான், ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். பீர் வரும் குழாய் எவ்வளவு நீளம்? 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் என்றால் 3 மீட்டராவது வேண்டும், இல்லையென்றால் நுரைதான்.