முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று?
வாசகர் கேள்வி–பதில்: படகும் புரொப்பெல்லரும்

கேள்வி: 16 அடி அலுமினியப் படகு, 60 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்). சிம்கோ ஏரியில் மீன்பிடிக்கப் போவோம். நான் தனியாகப் போனால் முழு த்ராட்டிலில் (எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தால்) நிமிடத்துக்கு 5,600 சுற்று காட்டுகிறது. நான்கு பேர் ஏறினால் 5,200தான். இப்போது இருப்பது 15 பிட்ச் புரொப்பெல்லர் (ஒரு சுற்றுக்கு 15 அங்குலம் முன்னேறும் கணக்கு). பக்கத்துப் படகுக்காரர் 17 போட்டால் வேகம் கூடும் என்கிறார். மாற்றலாமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: வேண்டாம். அவர் சொல்வதற்கு நேர் எதிர்த்திசையில் போக வேண்டும்.

முதலில் மோட்டாரோடு வந்த புத்தகத்தைத் திறந்து, முழு த்ராட்டிலில் எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இந்த அளவு மோட்டார்களில் பலவற்றுக்கு அது 5,500 முதல் 6,000 வரை. உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரோடு 5,200 என்றால் மோட்டார் மூச்சுத் திணறுகிறது. ஐந்தாம் கியரிலேயே மலை ஏறும் பைக் மாதிரி: கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் சுற்று ஏறாது, சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் மட்டும் ஏறும், கரி படியும். இப்படியே பல மணி நேரம் ஓட்டினால் பிஸ்டனில் போய் முடியும். சத்தம் குறைவாக இருப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. எஞ்சின் நிதானமாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும். 15-ஐ 13 ஆக்கினால் 300 முதல் 400 வரை கிடைக்கும். நான்கு பேரோடு 5,500–5,600, தனியாக 5,900–6,000. இரண்டுமே வரம்புக்குள் நிற்கின்றன. 12-க்கு இறங்கினால் தனியாகப் போகும் நாளில் 6,000-ஐத் தாண்டி, சுற்று மிஞ்சாமல் தடுக்கும் லிமிட்டர் வெட்டத் தொடங்கும். 17 போட்டால் நான்கு பேரோடு 4,900 கூட வராது, வேகமும் கூடாது.

வாங்கும் முன் ஒரு தடவை சரியாக அளந்துவிடுங்கள். படகின் அடியில் பாசி இருக்கக் கூடாது. டேங்க், ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் வழக்கமான பாரத்தில் இருக்கட்டும். டிரிம்மை (மோட்டாரின் சாய்வை) மெல்ல உயர்த்தி, படகு மிக வேகமாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். காற்றை எதிர்த்து ஒரு முறை, காற்றோடு ஒரு முறை ஓட்டி, முள் அசையாமல் நிற்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் இல்லாத மோட்டார் என்றால், ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சிறிய மீட்டர் போதும். அந்த எண் இல்லாமல் புரொப்பெல்லர் வாங்குவது காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

கேள்வி: புரொப்பெல்லரில் 13¼ × 17 என்று பொறித்திருக்கிறது. கணக்குப் போட்டால் வர வேண்டிய வேகம் வருவதில்லை. போலியா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: போலி இல்லை. முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது கெட்டியான பொருளுக்குள் திருகாணி இறங்குவதுபோல ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. தண்ணீர் கெட்டியான பொருள் இல்லையே, கொஞ்சம் நழுவும். இதைத்தான் ஸ்லிப் என்கிறோம்.

கணக்கு இது: சுற்றை கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் வரும். 5,500 சுற்று, கியர் 2.00, பிட்ச் 17 என்றால் 71 கி.மீ. ஜிபிஎஸ்ஸில் 62 காட்டினால் ஸ்லிப் 13 சதவீதம். நீர்மேல் எழும்பி ஓடும் இலகுவான படகுக்கு 10 முதல் 15 வரை சகஜம். தட்டையான பாண்டூன் படகுகளில் 20-க்கு மேல் போனாலும் பதற வேண்டாம். உங்கள் படகில் திடீரென்று 30 ஆனால்தான் ஏதோ கோளாறு.

கேள்வி: கொஞ்ச நாளாகக் கைப்பிடியை முறுக்கினால் மோட்டார் அலறுகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரிவதில்லை. கேவிடேஷன் என்கிறார்கள்.
– வாசகர், பழவேற்காடு

பதில்: கரையில் எல்லாவற்றுக்கும் கேவிடேஷன் என்று பெயர் வைத்துவிடுகிறோம். அசல் கேவிடேஷன் என்பது பிளேடின் முதுகில் அழுத்தம் இறங்கி, குளிர்ந்த தண்ணீரே கொதித்துக் குமிழாவது. அந்தக் குமிழ்கள் உடையும் இடத்தில் உலோகம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகும். பெரும்பாலும் பிளேடின் முன் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருந்தால் அதற்குப் பின்னால்தான் இந்தக் குழி விழும்.

நீங்கள் சொல்வதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. திரும்பும்போதும் அலையில் குதிக்கும்போதும் மட்டும் அலறி, கைப்பிடியைத் தளர்த்தியதும் சரியானால், புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. டிரிம்மை இறக்கிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மோட்டார் மாட்டியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிப்பாகத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

நேராக, சமநீரில் ஓடும்போதும் அலறினால் புரொப்பெல்லரின் நடுப்பகுதியான ஹப்தான் போயிருக்கும். உள் குழாய்க்கும் வெளி உருளைக்கும் நடுவே அழுத்தி வைத்த ரப்பர் இருக்கிறது. பிளேடு எதிலாவது மோதினால் அது நழுவிக் கியரைக் காப்பாற்றும். ஒரு முறை நழுவிய ரப்பருக்குப் பிடிப்பு போய்விடும். சோதிப்பது சுலபம்: புரொப்பெல்லரைக் கழற்றி, பின்முகத்தில் உள் குழாயிலிருந்து வெளி உருளை வரை பெயிண்டால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். காய்ந்ததும் மாட்டி, ஐந்து நிமிடம் வேகமாக ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ஹப் மாற்ற வேண்டும். அதுவரை மெதுவாகக் கரைக்கு வரும் அளவுக்கு மட்டும் அதை நம்பலாம்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் ஓட்டுகிறேன். ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: ஆழம் குறைந்த இடத்தில் அலுமினியமே போதும். தட்டினால் பிளேடு வளையும், கியர் தப்பும், விலையும் குறைவு. ஸ்டெயின்லெஸ் வளையாது என்பதால் அடி உள்ளே போகும். திறந்த கடலில் வேகமாக ஓட்டுபவருக்குத்தான் அது உதவும். எதை மாட்டினாலும், மிச்சப்படும் பணத்தில் இன்னோர் அலுமினியப் புரொப்பெல்லரும் ஒரு நட்டும் வாங்கிப் படகில் போட்டுவையுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் கிரகரி ஏரிக்குக் கொண்டு வந்ததும் மோட்டார் சோர்ந்துவிட்டது. நீர்கொழும்பில் நன்றாக ஓடியதே!
– வாசகர், நுவரெலியா

பதில்: 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறது. சாதாரண மோட்டார் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் பலம் இழக்கும். உங்களுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கிறது. குறைந்த பிட்ச் மாட்டுங்கள். திரும்பக் கடலோரம் கொண்டுபோகும்போது பழையதை மாட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சுற்று வரம்பு மீறும்.

கேள்வி: நானே கழற்றி மாட்ட எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நியூட்ரலில் வைத்து, மோட்டாரை நிறுத்தும் கில் சுவிட்சின் கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடுக்கும் மேல் தகடுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகினால் புரொப்பெல்லர் சுற்றாது. நட்டைப் பூட்டும் பின்னை (cotter pin) நிமிர்த்தி உருவுங்கள், பிறகு நட்டு, வாஷர், ஸ்பேஸர், புரொப்பெல்லர். கடைசியாக ஷாஃப்டில் தடித்த த்ரஸ்ட் வாஷர் நிற்கும். சில நேரம் புரொப்பெல்லரோடு ஒட்டிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுந்துவிடும். அது இல்லாமல் மாட்டினால் புரொப்பெல்லர் கியர் பெட்டியின் முகத்தையே அரைக்கும். அதன் உள்துளையின் சாய்ந்த பக்கம் கியர் பெட்டியைப் பார்த்து இருக்க வேண்டும்.

வாஷருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தங்கூசி (மீன்பிடி நைலான் இழை) சுற்றியிருந்தால் ஒரு இழை விடாமல் எடுங்கள். அது சூடேறி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) அறுத்துவிடும். சந்தேகம் இருந்தால் கியர் பெட்டியின் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்தி இரண்டு சொட்டு எண்ணெய் பிடியுங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சீல் மாற்றாமல் படகை இறக்காதீர்கள்.

ஷாஃப்டின் பற்களில் நீர் கரைக்காத மரைன் கிரீஸ் தடவி, கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டு மாட்டுங்கள். நட்டைப் புத்தகம் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். பூட்டும் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி அல்ல. பூட்டும் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கட்டும். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் நட்டை ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.