ஹெட்போனைக் கழற்றுங்கள், தம்பி

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வி.எம்.சி. (கணினி சொல்படி உலோகத்தைச் சீவும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். வயது 29. டிசைன் பக்கம் போக ஆசை. எட்டு மாதமாக, ஷிஃப்ட் முடிந்து வந்து ராத்திரி 10 மணிக்குமேல் ஃப்ரீகேட் என்ற டிசைன் சாஃப்ட்வேர் பழகுகிறேன். வீடியோவில் செய்வதை அப்படியே செய்துவிடுகிறேன். சொந்தமாக ஒரு பார்ட் வரைய உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. வீட்டில் அமைதியும் இல்லை. உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா பின்னால் வந்து நின்று ஏதாவது சொல்வார், ஹெட்போன் போட்டுக்கொள்வேன். மனைவியின் நகையை அடகு வைத்து கணினியில் டிசைன் சொல்லித்தரும் ஒரு கேட் (CAD) சென்டரில் சேரலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். சென்டர் பற்றி அவ்வளவுதான்.

நேரமில்லை, அமைதியில்லை என்று இதே கடிதம் எனக்குப் பல ஊர்களிலிருந்து வருகிறது. உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது வேறு இடத்தில். ‘ஹெட்போன் போட்டுக்கொள்வேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே.

பேட்டர்ன் செய்தவர் என்றால் யார் என்று யோசித்தீர்களா? ட்ராயிங்கைப் பார்த்து, வார்க்கப்போகும் பொருளை முதலில் மனசுக்குள் முழுதாக நிறுத்தி, பிறகு மணலில் அச்சு எடுப்பதற்காக அதை மரத்தில் செதுக்கியவர். காஸ்ட் அயர்ன் ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 எம்.எம். சுருங்கும், அலுமினியம் 13, எஃகு 20. அதற்காகவே பேட்டர்ன்காரர்களின் ஸ்கேல் நம் ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீண்டிருக்கும். ஃப்ரீகேடில் பக்கங்களுக்குச் சாய்வு கொடுக்க டிராஃப்ட் என்று ஒரு பட்டனை அழுத்திப் பழகியிருப்பீர்கள். மணல் உடையாமல் பேட்டர்ன் வெளியே வர வேண்டும் என்று அந்தச் சாய்வை இழைப்புளியால் எடுத்தவர் உங்கள் பின்னால் நிற்கிறார். நீங்கள் வி.எம்.சி.யில் சீவித் தள்ளும் அந்த 2, 3 எம்.எம். கூட, மெஷினில் நிற்பவனுக்காக ஒரு பேட்டர்ன்காரர் விட்டுவைத்ததுதான்.

கை ஏன் நிற்கிறது தெரியுமா? எங்கே தொடங்குவது, எந்த ஃபேஸை டேட்டமாக, அதாவது அளவெடுக்கும் ஆதாரமாக வைப்பது, எந்த அளவு முக்கியம் என்பதையெல்லாம் முடிவுசெய்துவிட்டுத்தான் வீடியோக்காரர் பதிவுசெய்ய உட்காருகிறார். உங்களுக்கு மிச்சம் கிளிக் மட்டும். அளவெல்லாம் கொடுத்து முடித்து, திரையில் ஸ்கெட்ச் பச்சையானதும் சந்தோஷப்படுகிறீர்கள். அது அவர் கொடுத்த அளவுகளுக்கு ஆன பச்சை. அந்தப் பொருள் எதற்கு, எப்படி வார்ப்பது, அச்சை எங்கே பிரிப்பது, உள்ளே வெற்றிடம் விடும் கோர் எப்படி உட்காரும் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சென்டரிலும் பெரும்பாலும் கட்டளைகளைத்தான் சொல்லித் தருவார்கள்.

வயதானவர் ராத்திரி 10 மணிக்குமேல் தூங்காமல் வந்து நிற்பது உங்களைத் தொந்தரவு செய்யவா? வாழ்நாளெல்லாம் செய்த வேலை அந்தத் திரையில் தெரிகிறது, அதனால் வருகிறார். பெற்றவர் பேச வரும்போது காதை அடைத்துக்கொள்வது தப்பு, தம்பி. எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை. தகப்பனுக்குச் சோறு போட்டால் மகன் கடமை தீர்ந்துவிடாது. அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் கடமைதான். அவர் குறைதான் சொல்வார் என்பீர்கள். சொல்லட்டும். ஷாப்பில் சூப்பர்வைசர் கத்தும்போது ஹெட்போன் போடுகிறீர்களா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடையில் ஒரு பம்ப் கவரோ பேரிங் பிராக்கெட்டோ எடை போட்டு வாங்கி வாருங்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள், எது நல்ல வார்ப்பு என்று அவர் பொறுக்குவார். வெர்னியரை வைத்து நீங்கள் அளக்க, பிரியும் கோடு எங்கே என்று அவர் சாக்பீஸால் போடட்டும். முதலில் தாளில் கையால் வரையுங்கள். அவர் சரி என்ற பிறகு ஃப்ரீகேடைத் திறங்கள். ஒரு பார்ட்டுக்கு ஒரு மாதமானாலும் பரவாயில்லை. அப்படி நாலைந்து செய்து வைத்தால், நாளை இன்டர்வியூவில் ‘இந்தச் சாய்வு ஏன், இந்த ரேடியஸ் ஏன்’ என்று கேட்பவருக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள், முதுகு சாய்கிற மாதிரி. எட்டு மாதமாக மனுஷர் நின்றுகொண்டே பார்த்திருக்கிறார்.