மைக் முன்னால் பேச்சு வருவதில்லை, மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 22. கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்புக்காக, பி.டி.இ. ஆங்கிலத் தேர்வுக்குக் கோவையில் பயிற்சி பெறுகிறேன். வகுப்பில் நன்றாகப் பேசும் எனக்கு, கணினி முன் ஹெட்போனை மாட்டியதும் நெஞ்சு படபடக்கிறது. கை சில்லிட்டுப் பேச்சே வருவதில்லை. ப்ரோப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் தோழி. சிறு வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. சால்புட்டமால் இன்ஹேலர் வைத்திருக்கிறேன்.

பதில்: அந்த மாத்திரையை நீங்கள் தொடவே கூடாது. ப்ரோப்ரனலால் இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூச்சுக்குழாய்களைச் சுருக்கக்கூடியது என்பதால், வீசிங் உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான மூச்சுத்திணறலை அது உண்டாக்கலாம், அந்த நேரத்தில் இன்ஹேலரும் சரிவரப் பலன் தராமல் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சால்புட்டமால் எடுத்த சில நிமிடங்களில் படபடப்பும் விரல் நடுக்கமும் சிலருக்கு வருவதுண்டு. இளைப்பு இல்லாதபோதும், எதற்கும் இருக்கட்டும் என்று தேர்வறை வாசலில் இன்ஹேலரை இழுத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பயம் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு மருந்தின் வேலையாக இருக்கலாம். இளைப்பு வந்தால் மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆங்கிலத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் எதிரே இருப்பவர் தலையசைத்துக் கேட்கிறார். தேர்வறையிலோ திரையில் வினாடிகள் குறைந்துகொண்டே போக, பக்கத்து இருக்கைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச, நீங்கள் மூன்று வினாடி மௌனமானால் மைக் நின்றுவிடுகிறது. இதை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் உடல் அட்ரினலினைச் சுரக்க, சொல்லைத் தேட வேண்டிய மனம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே அமைதியான அறையில் தனியாகப் படிப்பது போதாது. பயிற்சி மையத்தில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, டைமர் வைத்து, ஒரே நேரத்தில் உரக்கப் பேசிப் பழகுங்கள். முதல் சில நாள்கள் படபடப்பு வரத்தான் செய்யும். வந்தாலும் எழுந்து போகாமல், தப்பும் தவறுமாகவாவது பேசி முடிப்பதுதான் இதில் முக்கியம், ஏனெனில் பாதியில் எழுந்துவிட்டால் பயம் இன்னும் வலுக்கும். தொடங்குமுன் நான்கு வினாடி மூச்சை இழுத்து, ஆறு வினாடி மெதுவாக விடுங்கள்; இதை ஐந்தாறு முறை செய்தால் துடிப்பு ஓரளவு தணியும். தேர்வு நாளில் வழக்கத்துக்கு அதிகமாகக் காபி வேண்டாம்.

சும்மா இருக்கும்போதும் படபடப்பு வந்தாலோ, எடை குறைந்தாலோ, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். பயத்தால் தேர்வுத் தேதியையே தள்ளிப்போடும் நிலை வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்தில்லாமல் பேச்சு வழியாகவே தரும் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. அதுவரை, அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.