வீட்டுக்கு டிவிஆர் வாங்கலாமா? வேலூர் சுற்றுவட்டக் கேள்விகளும் பதில்களும்

வீட்டு சிசிடிவி கேமராக்களின் படத்தைப் பதிந்து வைக்கும் கருவியான டிவிஆர் பற்றிக் கேளுங்கள். எந்தக் கடை, என்ன விலை என்பது மட்டும் வேண்டாம்; அது வாரத்துக்கு வாரம் மாறும்.

சத்துவாச்சாரி: சார், தனி வீடு. நாலு கேமரா போடப் போறோம். டிவிஆர்ல லாபம் என்ன, தொல்லை என்ன? எத்தனை நாள் ரெக்கார்டிங் நிக்கும்?

பதில்: பதிவு உங்கள் வீட்டிலேயே இருக்கும், மாதச் சந்தா இல்லை, இன்டர்நெட் போனாலும் பதிவு தடைபடாது. இவை லாபம். ஒயர் இழுக்க வேண்டும், ஹார்டு டிஸ்க் தேயும், கரண்ட் இரவு பகலாக ஓடும். இவை தொல்லை. டிவிஆரும் நாலு கேமராவும் சேர்ந்து 40 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 58 யூனிட் கூடும்.

நாள் கணக்கு இப்படி. 2 மெகாபிக்சல் கேமராவை ஹெச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் வைத்தால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்கில் 11 நாள் நிற்கும், 2 டிபியில் 23 நாள். பழைய ஹெச்.264 முறையில் 4 எம்பிபிஎஸ் என்றால் 1 டிபியில் ஆறு நாள்கூட வராது. கேமரா போடும் ஆள் பெரும்பாலும் இந்த அமைப்பைத் தொடாமலே போய்விடுவார். மெனுவில் என்கோட் பக்கத்தைத் திறந்து நீங்களே பாருங்கள்.

டிஸ்க் கண்காணிப்புக்கென்றே வரும் ரகமாக இருக்கட்டும். டெஸ்க்டாப் டிஸ்க் இடைவிடாமல் எழுதுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. போட்டு முடித்ததும் முதல் வேலை, நேற்றைய பதிவை ஓட்டிப் பார்ப்பது. திரையில் படம் தெரிகிறது என்பதால் டிஸ்கில் பதிவாகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை: ராத்திரி ஆனா ரெண்டு கேமரா மட்டும் அணைஞ்சு அணைஞ்சு வருது. பகல்ல நல்லா இருக்கு. கேமரா போயிடுச்சா?

பதில்: அநேகமாகக் கேமரா இல்லை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும், கேமரா இழுக்கும் கரண்ட் கூடும். பவர் சப்ளை தளர்ந்திருந்தாலோ ஒயர் நீளமாக, மெல்லியதாக இருந்தாலோ அப்போது வோல்டேஜ் இறங்கும். ராத்திரியில் விளக்கு எரியும்போதே கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் பவர் சப்ளைப் பெட்டி முனையிலும் அளக்க வேண்டும். அங்கேயும் குறைவு என்றால் சப்ளை. அங்கே 12 இருந்து இங்கே மட்டும் இறங்கினால் ஒயர் அல்லது ஜாயின்ட். செம்பு பூசிய அலுமினிய ஒயர் விலை குறைவு என்று போட்டிருப்பார்கள். நீள ஓட்டத்தில் அது காலை வாரும். நம்மூர் வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் இருக்கும் சப்ளையின் கெப்பாசிட்டர் உலர்ந்து உப்பிவிடும். கழற்றிப் பார்த்தாலே தெரியும்.

குடியாத்தம்: டிஷ் பாக்ஸ்ல பென்டிரைவ் போட்டு சீரியல் ரெக்கார்ட் பண்ணினேன். கம்ப்யூட்டர்ல ஓடலை.

பதில்: ஓடாது. அந்தப் பதிவு பூட்டப்பட்டது, பதிந்த பாக்ஸோடு பிணைந்தது. மேற்கொண்டு உங்கள் டிடிஹெச் சேவையைக் கேளுங்கள்.

ஆற்காடு: 8 கேமரா, 1 டிபி. எத்தனை நாள் வரும்?

பதில்: மேலே சொன்ன கணக்கில் பாதி. ஐந்து நாள், கொஞ்சம் கூட.

தோட்டப்பாளையம்: ஐயா, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற நோயாளிங்களுக்கு ரூம் வாடகைக்கு விடறோம். காரிடார்ல கேமரா வைக்கலாமா?

பதில்: வாசல், படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றில் வையுங்கள். கேமரா இருப்பதாகத் தமிழோடு வங்காளம், இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். உங்களிடம் தங்குபவர்களில் பலர் அந்த மொழிகள் பேசும் ஊர்களிலிருந்து வருபவர்கள். அறைக் கதவு திறந்தால் உள்ளே தெரியும் கோணமோ குளியலறைப் பக்கமோ கூடவே கூடாது. பெண்ணின் அந்தரங்கத்தைப் பதிவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். கோணத்தை மாற்ற முடியாவிட்டால் மெனுவில் பிரைவசி மாஸ்க் இருக்கிறது, அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கிவிடுங்கள். மைக்கை அணையுங்கள்.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு தருகிறது. வாடகைக்கு விடுவது தொழில். அந்த விலக்கை நம்பி இருக்காதீர்கள்.

காட்பாடி: அண்ணா, டிவிஆரே பழைய காலத்து சமாச்சாரம். வைஃபை கேமரா, உள்ள 128 ஜிபி கார்டு, வேலை முடிஞ்சுது. ஏன் ஜனங்களை ஒயர் இழுக்க வைக்கறீங்க?

பதில்: தம்பி, 128 ஜிபி கார்டு அதே 2 எம்பிபிஎஸ்ஸில் ஆறு நாளுக்கும் குறைவு. அந்தக் கார்டு இருப்பது கேமராவுக்குள். வாசல் கேமராவைத் திருடன் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போகிறது.

காட்பாடி: டிவிஆரையும்தான் தூக்கிட்டுப் போறாங்க. எல்லார் வீட்லயும் டிவிக்குக் கீழயே இருக்கு. நாலு வைஃபை கேமரான்னா நாலையும் பிடுங்கணும். அசைவு வந்தா மட்டும் பதியற மாதிரி வச்சா கார்டு வாரக்கணக்குல வரும்.

பதில்: டிவிக்குக் கீழே வைப்பது தவறுதான், அதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பூட்டும் அலமாரிக்குள், பின்பலகையில் காற்றுத் துளை விட்டு வைக்க வேண்டும். பரண் வேண்டாம். கத்திரி வெயிலில் தளத்துச் சூடு நேரே இறங்கும். டிஸ்கின் சூட்டை மெனுவில் ஸ்மார்ட் பக்கம் காட்டும். 50 டிகிரியைத் தாண்டி நின்றால் இடத்தை மாற்றுங்கள்.

அசைவுப் பதிவில் ஒரு சிக்கல். அசைவுக்கு முந்தைய வினாடிகளையும் சேர்த்துப் பதியும் வசதி இல்லாத கேமராவில் ஆள் நுழையும் முதல் சில வினாடிகள் விழாது. முகம் தெரிவது பெரும்பாலும் அந்த வினாடிகளில்தான். மரம் ஆடினாலும் பூச்சி பறந்தாலும் பதிவதால் வாரக்கணக்கும் தங்காது. கரண்ட் போனால் ரூட்டரும் கேமராவும் சேர்ந்தே படுக்கும். நாலு இடத்துக்கும் தனித்தனியே பேக்கப் கொடுக்கப் போகிறீர்களா?

பேரணாம்பட்டு: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நாங்க வாடகை வீடு. சுவர்ல ஓட்டை போட ஓனர் விடமாட்டார். எங்களுக்கு என்ன வழி?

பதில்: உங்களுக்குக் காட்பாடித் தம்பி சொல்வதே சரி. அடிக்கடி எழுதுவதைத் தாங்கும் ஹை என்டூரன்ஸ் கார்டு வாங்குங்கள், சாதாரணக் கார்டு சீக்கிரம் போகும். கேமராவைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். கார்டாக இருந்தாலும் நேற்றைய பதிவை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

காட்பாடி: பாத்தீங்களா, ஒத்துக்கிட்டீங்க! சொந்த வீட்டுக்கும் அதுவே போதும்னு சொல்றேன்.

பதில்: ஒரு கேமரா, இரண்டு கேமரா என்றால் போதும். நாலுக்கு மேல் போனால் ஒயரும் டிவிஆரும்தான் நிலையாக நிற்கும். என் முடிவு இது. உங்கள் வீட்டில் உங்கள் முடிவு.

வாலாஜா: வண்டி திருடு போச்சு சார். வீடியோ இருக்கு. போலீஸ்ல எப்படிக் குடுக்கறது? டிவிஆர்ல மணி வேற தப்பாக் காட்டுது.

பதில்: இன்றைக்கே செய்யுங்கள், டிஸ்க் நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டே போகும்.

மணியைத் திருத்தாதீர்கள். டிவிஆர் திரையின் மணியையும் உங்கள் போனின் மணியையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள்; எத்தனை நிமிட வித்தியாசம் என்பதற்கு அதுவே ஆதாரம். பிறகு சம்பவத்துக்கு அரை மணி முன்பிருந்து அரை மணி பின்புவரை, டிவிஆரின் சொந்த வடிவத்திலேயே, அதன் பிளேயரோடு பென்டிரைவில் எடுங்கள். இரண்டு பிரதி. திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தேடுதலுக்கு உதவும், கோர்ட்டுக்கு உதவாது.

மின்னணு ஆதாரத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதில் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு. சான்றிதழில் இரண்டு பகுதி: முதலாவது கருவியை வைத்திருப்பவர் தருவது, இரண்டாவது நிபுணர் தருவது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் வர வேண்டும். விசாரணை அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். போலீஸ் டிவிஆரையே எடுத்துப் போனால் மகஜரில் (பறிமுதல் பதிவில்) சீரியல் எண் எழுதப்பட்டதா என்று பாருங்கள்.

வேலை முடிந்தபின் மணியைச் சரிசெய்யுங்கள். நேர மண்டலம் +5:30, இன்டர்நெட்டிலிருந்து மணி எடுக்கும் என்டிபி ஆன். கரண்ட் போய் வந்தால் மறுபடி மாறுகிறது என்றால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும்.

அணைக்கட்டு: 2 டிபி, 4 கேமரா, எத்தனை நாள்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், இதே எண்ணிக்கை அங்கே இருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

பாகாயம்: போன்ல பாக்கறதுக்கு ரூட்டர்ல போர்ட் திறக்கணும்னு டெக்னீஷியன் சொல்றார். பாஸ்வேர்டும் அவர்கிட்டதான் இருக்கு.

பதில்: இரண்டும் வேண்டாம். போர்ட் திறப்பது என்றால் இன்டர்நெட்டிலிருந்து யாரும் டிவிஆரை எட்டும்படி வழி விடுவது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது. உள்ளே போக அதற்குப் போதுமானதாக இருந்தது, யாரும் மாற்றாமல் விட்ட கம்பெனி பாஸ்வேர்டு. போர்ட் திறக்காமல் கம்பெனி ஆப்பில் க்யூஆர் ஸ்கேன் செய்து பாருங்கள், ரூட்டரில் தானாகப் போர்ட் திறக்கும் யுபிஎன்பி-ஐ அணையுங்கள். அட்மின் பாஸ்வேர்டை அவர் எதிரிலேயே மாற்றுங்கள். சர்வீசுக்கு வரும்போது தனிப் பயனர் கணக்கு கொடுங்கள், போனதும் அழித்துவிடுங்கள்.

திருவலம்: இன்வெர்ட்டர் இருக்கு. ஆனாலும் கரண்ட் போனா டிவிஆர் ஒருமுறை அணைஞ்சு வருது.

பதில்: இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கும், அதில் போடுங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் இடைவெளி அதிகம், டிவிஆர் தாங்காது. அப்படித் திடீர் திடீரென்று அணைந்தால் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்த பகுதி கெடும். நேற்றைய பதிவை ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளதைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு டிஸ்கை டிவிஆர் மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதன்பிறகும் ஓட்டை விழுந்தால் டிஸ்கை மாற்ற வேண்டியதுதான்.