ஆய்வில் போலி மாத்திரை கிடைத்துவிட்டால்?

கேள்வி: எனக்கு வயது 46. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். வலி முழுதாக அடங்கவில்லை. புதிய மருந்துக்கான ஆய்வில் சேர அழைக்கிறார்கள். பாதிப் பேருக்கு, மருந்தே இல்லாத போலி மாத்திரைதானாம். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாதாம். இது நோயாளியை ஏமாற்றுவது இல்லையா?

பதில்: முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதத்தோடு கொடுப்பதால் ஏமாற்று அல்ல. ஆனால் சம்மதம் வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது.

முடக்குவாத வலி தானாகவே ஏறி இறங்கும். பெரும்பாலும் வலி மிகுந்திருக்கும்போதுதான் ஆய்வில் சேர்கிறார்கள். எதுவும் கொடுக்காவிட்டாலும் சிலருக்குச் சில வாரங்களில் தணியும். புது மருந்து என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். போலி மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிட்டு இவற்றைக் கழித்தால்தான் மருந்தின் பங்கு தெரியும்.

போலி மாத்திரை பெறுபவர் நஷ்டப்பட்டவர் என்ற எண்ணமும் வேண்டாம். மாரடைப்புக்குப் பின் வரும் சீரற்ற இதயத் துடிப்புக்கு ஃபிளெக்கனைடு, என்கனைடு மருந்துகளை மருத்துவர்கள் நம்பிக் கொடுத்துவந்தார்கள். ஈசிஜியில் துடிப்பு சீரானதைக் கண்ணால் பார்த்த நம்பிக்கை அது! போலி மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 1989-இல் வெளியானபோது, மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் இறந்திருந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுவதை ஜிடோவுடின் என்ற மருந்து பெருமளவு குறைக்கும் என்று 1994-இலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் ஆப்பிரிக்க நாடுகளிலும் தாய்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் ஒரு பகுதி கர்ப்பிணிகளுக்குப் போலி மாத்திரையே தரப்பட்டது. குறைந்த காலம், குறைந்த செலவில் கொடுக்கும் முறை பலிக்குமா என்று பார்க்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் சொன்னார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பலனுள்ள சிகிச்சை இருந்தால் அதனுடன்தான் புதியதை ஒப்பிட வேண்டும் என்பதே, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தின் பொது விதி. தக்க அறிவியல் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. அப்போதும் நோயாளிக்குக் கடுமையான அல்லது மீளாத பாதிப்பு நேரும் அபாயம் கூடக்கூடாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, "எனக்குப் போலி மாத்திரை வந்தால் மெத்தோட்ரெக்சேட் தொடருமா?" என்பதுதான். தொடர்ந்தால், இரு பிரிவினருக்கும் அடிப்படைச் சிகிச்சை இருக்கிறது, தயங்காமல் யோசிக்கலாம். நிறுத்தச் சொன்னால், எத்தனை வாரம், வலி கூடினால் எந்த மருந்து தருவார்கள், எப்போது உண்மையான மருந்துக்கு மாற்றுவார்கள் என்று கேளுங்கள். முடக்குவாதத்தில் மூட்டு எலும்பு ஒருமுறை அரிக்கப்பட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. நீண்ட காலம் வெறும் போலி மாத்திரையோடு விடும் ஆய்வு என்றால் சேராதீர்கள்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். கையெழுத்திட்ட பின்பும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. முடிவெடுக்கும்வரை மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம்.